தம்பி கேட்ட பேனை

விவேகானந்தனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலை வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அலுமாரியைக் கவிழ்த்தார்கள், மெத்தையைக் கிழித்தார்கள், மேசையில் இருந்த கணினியைப் போட்டும் பார்த்தார்கள். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்தது. படமும் இல்லை, பாட்டும் இல்லை. பழுதான பெட்டி என்று நினைத்து அதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாயிரத்து ஏழில் ஒரு தமிழ்ப் பொடியனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அவ்வளவுதான். அதையும் வீணாக்க வீட்டில் ஆள் இருந்தது.

பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. அதில் ஓடியது லினக்ஸ். கடலுக்கு அப்பால் யாரோ தபாலில் சும்மா அனுப்பிய சீடியிலிருந்து அவன் ஏற்றியது. சும்மா தருகிறவன் எதற்குத் தருகிறான் என்று அக்கா கமலாசனி அப்போதே கேட்டாள்.

"இது ஒருத்தற்றையும் இல்லை அக்கா. ஆரும் எடுக்கலாம், உள்ளுக்கை திறந்து பாக்கலாம், மாத்தலாம், மற்றவனுக்கும் குடுக்கலாம். ஆனா ஆர் வந்தது, எத்தினை மணிக்கு வந்தது, எப்ப போனது எண்டு எழுதி வைச்சிடும்."

"அப்ப எங்கடை றோட்டிலை ஆமி நிக்கிற சென்றிப் பொயின்ற் மாதிரி" என்றாள் அவள். இருவரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

ஜூலை பதினேழாம் தேதி கொழும்பில் ஒரு பொதியைக் கைமாற்றினான் என்பது குற்றச்சாட்டு. அன்று காலை எட்டு மணியிலிருந்து பொழுதுபடும்வரை அவன் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்து வேலை செய்தான். கமலாசனி கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டார் நல்ல சனம்தான், ஆனால் நீதிமன்றம் என்றதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாட்சிக்கு மிஞ்சியது பெட்டி ஒன்றுதான்.

"உந்தப் பதிவை மாத்தி எழுதலாமெண்டு அவங்கள் வாதாடுவாங்கள் பிள்ளை" என்றார் சட்டத்தரணி அம்பிகைபாகன். "எண்டாலும் கையிலை வேறை ஒண்டுமில்லை. அடுத்த வியாழன் வழக்கு. தம்பியிட்டைக் கேட்டு அதைத் திறவுங்கோ."

மறியல் சிறையில் தம்பியைப் பார்க்கப் போனால் சிங்களத்தில்தான் பேசவேண்டும். காவலருக்கு விளங்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதமே ஆன கமலாசனிக்கு பஸ்ஸில் ஏறி இறங்கப் போதுமான சிங்களம்தான் தெரியும். கடவுச்சொல் என்று வாய் தடுமாறிச் சொல்லிவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. கூடப் படிப்பிக்கும் றலியா டீச்சரிடம் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனாள்.

"தொர அரின்ன பே." கதவு திறக்க முடியவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி கொஞ்சம் யோசித்தான். "செங்காரி ஹொந்தின்த?" என்று கேட்டான். செங்காரி சுகமா? யாரோ சொந்தக்காரி என்று காவலர் பேசாமல் இருந்தார். செங்காரி, இடம்பெயர்ந்தபோது அவர்கள் அவிழ்த்துவிட்டு வந்த பசு. கமலாசனிக்கு உடனே பிடிபட்டது.

பிறகு அவன், "பேன்னே நே. பய வென்ன எபா" என்றான். 'எபா' என்றால் வேண்டாம், 'நே' என்றால் இல்லை. அவ்வளவும் அவளுக்குத் தெரியும். பயப்பட வேண்டாம் என்கிறான். பேனை இல்லை என்றும் சொல்கிறான். எழுதப் பேனை கேட்கிறான், பாவம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டாள். பெயர் கேட்டது. அடித்தாள், திரையில் விழுந்தது. கடவுச்சொல் கேட்டது. பசுவின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தாள். ஒரு எழுத்தும் விழவில்லை. பள்ளிக்கூடத்துக் கணினியில் எழுத்து தெரியாவிட்டாலும் வட்டம் வட்டமாகப் புள்ளியாவது வரும். இங்கே அதுவும் இல்லை. வெறும் வரியை வைத்துக்கொண்டு யார் என்டரைத் தட்டுவார்கள்? அவள் தட்டவில்லை. நிறுத்தினாள், போட்டாள், மறுபடி அடித்தாள். மூன்று பின்னேரங்கள் இப்படியே போயின.

நாலாம் நாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த திருச்செல்வத்தின் கணினிக் கடைக்குக் கொண்டுபோனாள். பெயர் விழுகிறது, அடுத்தது விழவில்லை என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. மறியலில் இருப்பவனின் பெட்டி என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் திருச்செல்வம் மலர்ந்த முகத்தோடு வரவேற்றார். "வாங்க டீச்சர். கறுப்பா என்னமோ கெடந்துச்சு. ஃபோர்மட் பண்ணி விண்டோஸ் போட்டுட்டேன். இப்ப படமெல்லாம் நல்லாத் தெரியுது பாருங்க."

திரையில் பச்சைப் புல்மேடும் நீல வானமும் இருந்தன.

"முந்தி இருந்ததுகள்?"

"ஒண்ணுமில்லாமச் சுத்தமாப் போயிருச்சுங்க" என்றார் பெருமையாக. கண்டியில் கணினிக்குத் தலையிடி வந்தாலும் ஃபோர்மட், காய்ச்சல் வந்தாலும் ஃபோர்மட். அவரில் என்ன பிழை? கமலாசனி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எந்த பஸ்ஸில் ஏறுவது என்றே அவளுக்கு மறந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பார்க்கப் போனபோது பேனையும் கொண்டுபோனாள். காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விடவில்லை. விவேகானந்தன் விழித்தான்.

"நீதானே பேனை..." என்று தொடங்கியவளை, "சிங்களென்" என்று காவலர் வெட்டினார்.

தம்பிக்கு விளங்கிவிட்டது. சிரித்தான். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கைவிரல்களால் காற்றில் எழுத்தடித்தான். கடைசியில் சின்னவிரலால் ஒரு தட்டு. "பேன்னே நே" என்றான் மெதுவாக. கண்ணுக்குத் தெரியாது. தெரியாமலே அடித்துவிட்டு என்டரைத் தட்ட வேண்டும்.

மூன்று நாளும் அவள் சரியாகத்தான் அடித்திருக்கிறாள். ஒரு தட்டுத்தான் குறை. தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

"அரியாத?" என்று கேட்டான். திறந்தீர்களா?

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எந்த மொழியிலும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆமென்று தலையாட்டி "ஓவ்" என்றாள். எங்கள் ஓமுக்கும் அந்த ஓவுக்கும் பெரிய தூரமில்லை.

அவன் காவலரை மறந்தே போனான். "அக்கா, வியாழக்கிழமை என்ரை நீலச் சேட்டைக் கொண்டு வாங்கோ. வீட்டை வரேக்கை போட" என்றான் தமிழில். காவலர் தோளில் பிடித்துத் திருப்ப, சிரித்துக்கொண்டே உள்ளே போனான்.

கமலாசனி அன்று பின்னேரமே சேட்டைத் தோய்த்துப் போட்டாள். புதன்கிழமை அதை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினாள். அழுகை வந்தபோது துணியில் படாமல் தள்ளி நின்று அழுதுவிட்டு, மறுபடி வந்து காலரை மினுக்கினாள்.