இரண்டாயிரம் கிளையாறுகள்

இடது கைக்காரிக்கு மை ஜென்ம விரோதி. இடமிருந்து வலமாகக் கோடு இழுத்தால் பின்னாலேயே உள்ளங்கை வந்து அழித்துவிடும். அதனால் வரைபட அலுவலகத்தில் நான் மட்டும் ஆறுகளை வலப்பக்கக் கடலில் ஆரம்பித்து மலையில் கொண்டுபோய் முடிப்பேன். "இவ ஆத்துக்கே தண்ணி காட்டுறவ" என்பாள் அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல. எதிர் மேசையில் படங்களைச் சரிபார்ப்பவள். என் தலைவலி மாத்திரை அவள் கைப்பையில்தான் இருக்கும்.

ஒருமுறை பள்ளிக்கூட வரைபடம் ஒன்றில் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான், கடலோரத்தில் ஒரு சிற்றாறு எந்தக் குறிப்பும் இல்லாமல் கிடப்பதைப் பார்த்தேன். அச்சக ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். கடலிலிருந்தே வந்து பழகிய என் கண்ணுக்கு, அது பெரிய ஆற்றில் வந்து சேர்வதாகப் பட்டது. 'துணையாறு' என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன். உண்மையில் அது பெரிய ஆற்றிலிருந்து பிரிந்து கடலுக்குப் போவது. கிளையாறு. வந்து கலப்பதுதான் துணையாறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இரண்டாயிரம் பிரதி அச்சானபின் ஒரு வாத்தியார் கடிதம் போட்டார். மேலதிகாரி படத்தோடு வந்தார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"எழுதினது யாருங்கறது இருக்கட்டும். பாத்துக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார். சரியாப் பாக்கல" என்றாள் அக்கா.

பச்சைப் பொய். அவள் பார்த்தபோது அந்தச் சொல்லே அங்கே இல்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான். மரம் மாதிரி நின்றேன்.

அக்காவைக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றினார்கள். முதல் வேலை, எல்லாப் பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டுவது. சாப்பாட்டு நேரத்தில் நானும் இறங்கிப் போவேன். ஜன்னல் இல்லாத அறை, ஒரு வாளிப் பசை, நகத்தளவு சீட்டுகள். ஒவ்வொன்றையும் ஒட்டி, "போயிட்டு வாடி கண்ணு" என்று ஆற்றை வழியனுப்புவாள் அக்கா. வயிறு வலிக்கச் சிரிப்போம். விரலில் பசை காய்ந்து தோலாக உரியும். அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. அந்த அறைக்காக இன்றும் ஏங்குகிறேன்.

கடைசிக் கட்டு முடிந்த அன்று அழுதுவிட்டேன். "நான் சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லியிருந்தா உன்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அப்புறம் இத்தனையும் நான் ஒத்தையா ஒட்டறதா?" என்றவள், பசைக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வேலை நிரந்தரமாயிடுச்சா?"

"நேத்து."

"இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது. இப்பப் போய்ச் சொல்லு."

இதற்காகத்தான் அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். மாடிப்படிகளை ஓட்டமாக ஏறினேன்.

"வாம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் மேலதிகாரி. "அந்தம்மா மேசை இனிமே உனக்குத்தான். உக்காரு."

உட்கார்ந்தேன். அதன்பிறகு சாப்பிடக் கீழே போகவில்லை.