இரண்டு ஐ.சி.

1987இல் ஒரு மத்தியானம். வெள்ளவத்தையில் டிவி திருத்தும் கடை வைத்திருந்த முத்துலிங்கமும் கூட்டாளியான நானும் புறக்கோட்டையில் டிவிக்குள் போடும் ஐ.சி. சிப் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். வழி முழுக்க அவன் அந்தக் கறுப்புச் சிப்பை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே வந்தான்.

"ஜப்பான்காரன் உருக்கின மணல், அமெரிக்காக்காரன் கீறின படம். பினாங்கில ஒரு பிள்ளை மைக்ரோஸ்கோப்பில பாத்து, தலைமயிரை விட மெல்லிசான தங்கக் கம்பியால தைச்சிருக்கிறாள். என்ன கை எண்டு பாரன், மச்சான்!"

செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். "ஐ.சி. எக தென்ன," ஐ.சி.யைக் கொடு என்று சிங்களத்தில் கேட்டுச் சிப்பாய் கை நீட்டினான். கொழும்பில் அடையாள அட்டைக்கும் ஐ.சி. என்றுதான் பெயர். இந்த மடையன் சிப்பைக் கொடுத்துவிட்டான்.

சிப்பாய் அதைத் திருப்பிப் பார்த்து, "மலேசியா," என்று எழுத்துக்கூட்டி வாசித்தான். பிறகு, இதை ஏன் நம் நாட்டில் செய்வதில்லை என்று சிங்களத்தில் கேட்டான்.

"கட்டுநாயக்கா தொழில் வலயத்துக்கு வர இருந்த கொம்பனிகள்தான், சேர். எண்பத்துமூன்று கலவரத்தோடு வராமல் விட்டுவிட்டார்கள்," என்று முத்துலிங்கமும் சிங்களத்திலேயே சொன்னான்.

சிப்பாய் சிப்பை உடனே திருப்பிக் கொடுத்தான். பிறகு கேட்டு வாங்கிய முத்துலிங்கத்தின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை என்றிருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு எங்களை முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தினான்.

நான் கொதித்துக்கொண்டு நின்றேன். முத்துலிங்கம் சிப்பை வெயில் படாமல் பொத்திப் பிடித்திருந்தான்.

"விடு மச்சான். இதில மலேசியா எண்டு இருக்கு, உடன விட்டுட்டான். மற்ற ஐ.சி.யில இலங்கை எண்டெல்லோ இருக்கு!"