எழுபத்தைந்து அங்குல மரியாதை

எங்கள் வம்சத்தில் பந்தயத்தில் தோற்றவர்கள் உண்டு. தோற்றுவிட்டுக் குதிரையைக் குறை சொன்னவர்கள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. கரகண்டா நகரத்துக் குதிரைப் பந்தயத் திடலில் முப்பத்திரண்டு வருடம் முடிவுக்கோட்டு நடுவராக நின்றவன் நான். மூக்கு முந்தினால் மூக்கு, கழுத்து முந்தினால் கழுத்து. பெய்சென் என்கிற நான் கொடி அசைத்த பிறகு யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவனுடைய இளைய மகன், உறவினர் இருபது பேர் உட்கார்ந்திருந்த விருந்தில், சம்பந்தியின் முகத்துக்கு நேராக, "நான்தான் முதல்ல சுட்டேன். கம்ப்யூட்டர்தான் லேட்டு" என்று சொல்லிவிட்டான்.

மீராஸுக்கு இருபத்தாறு வயது. கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிற ஐந்து பேர் அணியில் ஒருவன். எதிர் அணியில் இருந்தவன் அவனுடைய மச்சான் எல்தோஸ், அதாவது என் மருமகள் தோக்ஜானின் கூடப்பிறந்த அண்ணன். அன்று காலை நடந்த ஆட்டத்தில் எல்தோஸ் மூன்று தடவை நேருக்கு நேர் மீராஸைச் சுட்டு வீழ்த்தினான். எல்தோஸின் அப்பா ஒராஸ்பெக், குதிரைக் கறிக்கடை வைத்திருப்பவர், கையில் இருந்த எலும்பைத் தட்டில் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"சுடத் தெரியாதவன் துப்பாக்கி மேல பழி போடுவான். என்ன சம்பந்தி, உங்க திடல்ல இப்படித்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"என் மகன் பொய் சொல்ல மாட்டான். மெஷின் லேட்டுன்னா லேட்டுதான். அதை நானே அளந்து காட்டுறேன்."

"அளங்க, அளங்க. அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டம். அதுக்குள்ள அளந்துடுங்க" என்றார் ஒராஸ்பெக்.

ஜெயிக்கிற அணி பெரிய போட்டிக்காக அல்மாட்டி நகரத்துக்குப் போகும். மகன் அல்மாட்டிக்குப் போவது எனக்குப் பெரிதில்லை. என் வீட்டில் இருந்து ஒரு பொய் வெளியே போயிருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

மறுநாள் மீராஸின் அறைக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருடம் அவன் அணி முதல் தடவையாக ஜெயித்தபோது, உறவினரை எல்லாம் கூப்பிட்டு ஆடு அறுத்து, எழுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை அவனுக்குப் பரிசாகக் கொடுத்தேன். அதுவரை அவன் ஏதோ ஒரு சின்னத் திரையில் ஆடிக்கொண்டிருந்தான். என் மகன் ரொட்டித் தட்டு அளவுத் திரைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பதை ஒராஸ்பெக் பார்த்தால் என்ன நினைப்பார்? தொலைக்காட்சியை மூன்று பேர் தூக்கி வந்தார்கள். ஒராஸ்பெக் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"சொல்லு. எங்க லேட்டு? இன்டர்நெட்டா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. இன்டர்நெட் வேற, இது வேற. நான் மவுஸை அழுத்துறேன். அது கம்ப்யூட்டருக்குள்ள போயி, படமாகி, திரையில தெரியுற வரைக்கும் ஒரு நேரம் ஆகுது. அதுதான் கூடிப்போச்சு."

"குறைக்க முடியாதா?"

"குறைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

குறைத்துக்கொண்டுதான் இருந்தான், பாவம். பின்னால் ஓடுகிற நிரல்களை எல்லாம் நிறுத்தியிருந்தான். படம் கிழியாமல் காட்டுவதற்காக ஒவ்வொரு சட்டகத்தையும் காக்கவைக்கும் வசதியை அணைத்திருந்தான். நிழல், புகை, புல் எல்லாவற்றையும் மிகக் குறைந்த தரத்துக்கு இறக்கியிருந்தான்; எதிரிகள் மொட்டைத் தரையில் மரப்பாச்சிகள் போல நின்றார்கள். கம்பியில்லா மவுஸை விட்டுக் கம்பி மவுஸ் வாங்கியிருந்தான். விண்டோஸையே அழித்துவிட்டு இரண்டு தடவை புதிதாகப் போட்டிருந்தான்.

"அப்புறமும் ஏன் லேட்டு?"

அவன் தரையைப் பார்த்தான். "தெரியலப்பா."

தேநீர் கொண்டுவந்த தோக்ஜான் வாசலில் நின்றாள். எங்கள் வீடுகளில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள், குறுக்கே நடக்க மாட்டாள், மறுத்துப் பேசவும் மாட்டாள். அவள் நல்ல குடும்பத்துப் பெண். புருஷனை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

அளப்பதற்கு வழி இருக்கிறது என்று அவள்தான் பிறகு சொன்னாள். கைபேசியில் நொடிக்கு இருநூற்று நாற்பது படம் எடுக்கிற வசதி உண்டாம். மவுஸை அழுத்தும் விரலையும் திரையையும் ஒன்றாகப் படம் பிடிக்க வேண்டும். விரல் இறங்கிய படத்திலிருந்து துப்பாக்கியில் தீப்பொறி தெரியும் படம் வரை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வாழ்க்கை முழுவதும் செய்த வேலையே இதுதானே! கடைசிப் பத்து வருடம் திடலில் புகைப்படம் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னோம்.

"வேண்டாம்ப்பா. கண்ணு வலிக்கும் உங்களுக்கு" என்றான் மீராஸ்.

"என் கண்ணைப் பத்தி நீ பேசாத. அழுத்து."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். முப்பத்தொன்று. ஐந்து தடவை எடுத்தோம். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. ஐந்துக்கும் சராசரி முப்பத்தொன்றுதான்.

"இது அதிகமா?"

"அதிகம்தாம்ப்பா."

"பாத்தியா! என் மகன் பொய் சொல்லல!"

அப்போது தோக்ஜான் அலமாரி மேலிருந்து எதையோ துணியோடு இறக்கினாள். அந்தப் பழைய சின்னத் திரை.

"தூசி தட்டத்தான் எடுத்தேன் மாமா" என்றாள். துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "சும்மா ஒரு தடவை இதுலயும் எண்ணிப் பாக்கலாமா? நீங்க எண்ணுனா தப்பே வராது" என்றாள்.

மீராஸ் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். அவள் அதற்குள் கம்பியைச் சொருகிவிட்டாள்.

ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழு. முப்பத்தொன்றில் ஏழு போனால் இருபத்து நான்கு. ஒரு நொடியில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் நல்ல குதிரை தலையும் கழுத்தும் முழுசாக முந்திவிடும். என் திடலில் அந்த வித்தியாசத்துக்குப் புகைப்படமே தேவைப்பட்டதில்லை, குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"இந்த டிவி படத்தை வாங்கி, அழகு பண்ணி, வழவழப்பாக்கி, அப்புறமாத்தான் காட்டும்ப்பா. அதை நிறுத்துற வசதி இந்த மாடல்ல இல்ல. குதிரை மேல ஏறி ஆடுற கோக்பார் ஆட்டம் பாக்க இதை மாதிரி டிவியே கிடையாது" என்றான் மீராஸ் மெதுவாக.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

ஒரு வருடம். ஒரு வருடமாக என் மகன் என் மரியாதைக்கு முன்னால் உட்கார்ந்து செத்துச் செத்து விளையாடியிருக்கிறான். உறவினர் முன்னால் சுடத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியிருக்கிறான். வாயைத் திறந்து, "அப்பா, உங்க டிவி மோசம்" என்று சொல்லவில்லை. அவனைத் திட்டுவதா, கட்டிப் பிடிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் கட்டிப் பிடிக்கிற வழக்கம் இல்லாததால் திட்டினேன்.

புதன்கிழமை ஒராஸ்பெக் வந்தார். அளந்து முடித்தாயிற்றா என்று பார்க்கத்தான் வந்தார். தொலைக்காட்சி அதற்குள் விருந்தறைக்கு வந்திருந்தது. அதில் கோக்பார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையில் இறைச்சியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அடேயப்பா! குதிரையோட வேர்வைகூடத் தெரியுதே! பையன் ரூம்ல இருந்தப்பவே பாத்தேன். இதை வச்சுக்கிட்டா லேட்டு, லேட்டுன்னு அழுதான்? எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, சம்பந்தி."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் சம்பந்தி ஒரு பொருளைப் பிடித்திருக்கிறது என்று வாயால் சொன்னால், அது அவரோடு கிளம்பிவிட வேண்டும். மறுப்பது கொடுப்பவனுக்கும் கேவலம், வாங்குபவனுக்கும் கேவலம்.

"உங்களுக்குத்தான். எல்தோஸ் ரூம்ல வைங்க" என்றேன்.

அவர் முகம் சிவந்தது. வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். வழக்கப்படி மூன்று தடவைதான். நான்காவது தடவை கடைப் பையன்களுக்கு ஃபோன் போட்டு வண்டி வரவழைத்தார்.

நான் பொய் சொல்லவில்லை. எத்தனை படம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு நடுவர் தீர்ப்புச் சொல்வதில்லை.

அவர் போன பிறகு தோக்ஜான் தேநீர் ஊற்றினாள். எங்கள் வீடுகளில் மதிக்கிறவர்களுக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவார்கள். அடிக்கடி வாங்கிக் குடிக்க வேண்டும், பேச்சு நீள வேண்டும் என்பதற்காக. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவள் என் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையாலும், மிகுந்த மரியாதையோடு நீட்டினாள்.

எல்தோஸ் அவளுடைய அண்ணன் என்பதை நான் மறக்கவில்லை. மறந்தது போல இருந்தேன்.

சனிக்கிழமை மீராஸ் எங்கள் வீட்டில் இருந்து சின்னத் திரையில் ஆடினான். என்னை ஒராஸ்பெக் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். கொடுத்தவர் வருகிறார் என்றால் கொடுத்த பொருள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? எல்தோஸ் அந்தப் பெரிய தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுடைய பழைய திரையைக் காணோம். எனக்கு நல்ல ஆசனம் போட்டார்கள். அவன் அம்மா கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத் தேநீர் ஊற்றித் தந்தார்.

முதல் பாதியில் மீராஸின் அணி ஒன்பது சுற்று ஜெயித்தது. எல்தோஸின் அணிக்கு மூன்று.

"நான்தாம்ப்பா முதல்ல அழுத்தினேன்! சத்தியமா நான்தான்!" என்று எல்தோஸ் கத்தினான்.

வேறு வீடு, வேறு பையன். அதே குரல்.

"வாயை மூடு. சுடத் தெரியாதவன் துப்பாக்கி மேல பழி போடுவான்" என்றார் ஒராஸ்பெக். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மன்னிச்சுக்கங்க சம்பந்தி. நீங்க ஆசையா குடுத்த பொருளைப் போயி… நான் இவனை இப்படி வளர்க்கல."

தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். ஒராஸ்பெக், என்னிடம்! இதற்காக எத்தனை விருந்து காத்திருந்தேன். மேசை மேல் அந்தக் கால் கிண்ணத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

இடைவேளை ஐந்து நிமிடம்.

"எல்தோஸ், உன் பழைய திரை எங்க?" என்று கேட்டேன்.

"கட்டிலுக்கு அடியில இருக்கு. ஏன் மாமா?"

"எடுத்து மாட்டு. இது முப்பத்தொன்னு. சின்னது ஏழு. நானே எண்ணினேன்."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. பாய்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ஒராஸ்பெக்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப எண்ணினீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"குடுத்தது புதன்கிழமை."

"ஆமா."

"அப்ப தெரிஞ்சேதான்…"

"தெரிஞ்சேதான்."

ஒராஸ்பெக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி என் கிண்ணத்தை வாங்கினார். எவ்வளவு ஊற்றுவாரோ என்று பார்த்தேன். காலியாகவே கீழே வைத்துவிட்டார்.

இரண்டாம் பாதியில் எல்தோஸ் அசுரனாக ஆடினான். ஒன்பது–மூன்று, பதினொன்று–எட்டு ஆயிற்று. பன்னிரண்டு–பதினொன்று ஆயிற்று; முதலில் பதின்மூன்றைத் தொடுகிற அணிக்குத்தான் வெற்றி. என் உள்ளங்கை வேர்த்தது. எந்தக் குதிரைக்காகவும் எனக்கு அப்படி வேர்த்ததில்லை. கடைசிச் சுற்றில் மீராஸும் எல்தோஸும் மட்டும் மிஞ்சினார்கள். இரண்டு பேருக்கும் ஏழு, ஏழு. மீராஸ் சுட்டான். பதின்மூன்று–பதினொன்று.

எல்தோஸ் காதுக் கருவியைக் கழற்றி வைத்தான். "இந்தத் தடவை அவன்தான் முதல்ல" என்றான். நல்ல பையன்.

மீராஸின் அணி அல்மாட்டிக்குப் போய் வந்தது. தோக்ஜான் எனக்கு மறுபடியும் பாதிக்குக் குறைவாகத் தேநீர் ஊற்றுகிறாள். தொலைக்காட்சி ஒராஸ்பெக்கின் விருந்தறையில் இருக்கிறது. கொடுத்ததைத் திருப்பி வாங்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை.

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த வட்டாரத்தில் எந்த விருந்து நடந்தாலும், இறைச்சித் தட்டு வந்ததும் ஒராஸ்பெக் தொண்டையைச் செருமுகிறார்.

"என் பையன் தோக்கல. முதல் பாதி முழுக்க மெஷின் லேட்டு. நான் சும்மா சொல்லல. முப்பத்திரண்டு வருஷம் தப்பாவே கொடி அசைக்காத மனுஷன் இங்கயே உக்காந்திருக்காரு, கேட்டுப் பாருங்க!"

எல்லோரும் என் பக்கம் திரும்புகிறார்கள். என் மகன் அதே காரணத்தை ஒரு வருடம் சுமந்தான். அதை எந்த விருந்திலும் அவனிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. ஆனாலும் என்ன செய்வது? இப்போது கேள்வி கேட்டாயிற்று. நான் எழுந்து, முதுகை நிமிர்த்தி, முப்பத்தொன்று என்கிறேன்.