தீனி வைத்த இடம்

அம்மாவின் ஒன்பது கோழிகளுக்கு எல்லைச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. காலையில் கூடையைத் தூக்கியதும் நேரே பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தி. பொழுது சாய்ந்தால்தான் சொந்த வீடு ஞாபகம் வரும்.

பக்கத்து வீட்டு ஹெட்கிளார்க் ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் மனு எழுதும் கை ஓயவில்லை. ஏழாவது மனுவுக்கு நகராட்சி அசைந்து கொடுத்தது. வியாழக்கிழமை ஆய்வாளர் வருவார். புகார் உண்மையென்றால் ஒன்பதையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நகராட்சி அலுவலகத்தில் சண்டை போட்டு விதிப்புத்தகத்தை வாங்கி, அரை நாள் நின்றபடியே படித்துவிட்டு வந்தாள்.

"கூண்டு கட்டிட்டா விட்டுடுவாங்களாடி?"

"சுவர்லேருந்து பத்தடி தள்ளிக் கட்டணுமாம். நம்ம கொல்லையே எட்டடி."

"அப்போ அவ்வளவுதானா?"

"அந்தாளு குளிக்கப் போனதும் அவர் வீட்டம்மா என்ன பண்றாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெருவுக்கே தெரியும், ஹெட்கிளார்க்கைத் தவிர. அந்த அம்மாள் தினமும் பின்வாசலில் நின்று நொய்யரிசி இறைப்பாள். கோழிகளும் தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்யாமல் விறகு அடுக்குக்குப் பின்னால் முட்டையிட்டுவிட்டு வரும். ஹெட்கிளார்க் அதில் இரண்டைத் தின்றுவிட்டு, கடைக்காரன் யோக்கியன் என்று சொல்லிக்கொண்டே மனு எழுத உட்காருவார்.

"அக்கா பாவம்டி. முட்டை போனாப் போகுது, காட்டிக் குடுக்காதே."

"ஒம்போது கோழியும் பாவமில்லையா?"

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆய்வாளர் வந்தார். மகள் அவரை வாசலில் நிற்கவிடாமல் பக்கத்து வீட்டுப் பின்கட்டுக்கு அழைத்துப்போனாள். ஹெட்கிளார்க் ஈரத் தலையோடு ஓடி வந்தார். அவர் மனைவி கோழிகள் சூழ நின்றிருந்தாள். முறத்தை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தாள். முறம் அவளைவிட அகலம். விறகுக்குப் பின்னால் நான்கு முட்டைகள் சூடாறாமல் கிடந்தன.

"பிரிவு பதினாலு, சார். வழக்கமா எங்க தீனி வைக்கிறாங்களோ, எங்க முட்டையிடுதோ, அதுதான் வளர்ப்பிடம். அந்த மனைக்காரர்தான் வளர்க்கிறவர். நோட்டீஸ் இவருக்குத்தான் வரணும்."

ஆய்வாளர் தன் பையிலிருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பொண்ணு சொல்றது சரியாத்தானே இருக்கு."

ஹெட்கிளார்க் மனைவியைப் பார்த்தார். "கடை முட்டைன்னு சொன்னியே?"

"எந்தக் கடைன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

மனுஷன் வெட்கப்பட்டுப் புகாரைத் திரும்பப் பெறுவார் என்பது மகளின் கணக்கு. முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் காகிதத்துக்கு எழுந்து நின்று பழகியவர், தன் பெயருக்கே ஒரு காகிதம் வந்தால் என்ன செய்வார் என்று அவள் யோசிக்கவில்லை. அவர் கீழ்ப்படிந்தார். அவர் கொல்லை பெரியது. சுவரிலிருந்து பத்தடி அளந்து, கம்பிவலை அடித்துக் கூண்டு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்பதும் உள்ளே இருந்தன.

"சார், அது எங்கம்மா கோழி."

"நீதானேம்மா நிரூபிச்சே?" அவர் கிண்டல் செய்யவில்லை. விதி தெரிந்த ஒரு ஆள் தெருவில் இருப்பதில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "இப்ப திருப்பிக் குடுத்தா, எட்டடிக் கொல்லையில எங்க வெச்சுப்பீங்க? மறுநாளே பிடிச்சுட்டுப் போயிடுவாங்க."

அம்மா காலிக் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால் மகளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

நான்காம் நாள் கூண்டைத் திறந்த நேரம் பார்த்து ஒரு செவலைப் பெட்டை தப்பித்து, சுவரேறி வந்து அம்மாவின் காலடியில் நின்றது. அம்மாவின் கை அதை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

"போடி, உன் வீட்டுக்குப் போ. இங்க நின்னா எங்க மேல கேஸாயிடும்."

அது நகரவில்லை. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள்தான் அதைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டாள்.