அத்தான் மாட்டிய ஃபேன்கள்

அக்காவைக் கட்டிய என் அத்தான் ஏசி கடையில் வேலை பார்க்கிறார். ரிப்பேர் அல்ல, விற்பனை. ஆனாலும் எங்கள் வீட்டில் காற்று சம்பந்தப்பட்ட எதற்கும் அவர் வைத்ததுதான் சட்டம். எந்த ஜன்னலைத் திறந்து வைப்பது என்றுகூட அம்மா அவரைத்தான் கேட்பாள்.

அந்தப் பெருமையில் என் கேமிங் கம்ப்யூட்டருக்கு மூன்று ஃபேன் வாங்கி வந்து, தன் கையாலேயே பெட்டியின் முன்பக்கம் மாட்டினார். கலர் கலராக மின்னும் ரகம். வெளிச்சத்தை அள்ளி வீசும், காற்றில்தான் கஞ்சத்தனம். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். முன்னால் இருப்பவை வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்னாலும் மேலேயும் இருப்பவை சூட்டை வெளியே தள்ள வேண்டும். அத்தானோ, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஃபேனின் அழகான முகம் தெரியவேண்டும் என்று மூன்றையும் திருப்பிப் போட்டுவிட்டார். எல்லா ஃபேனும் வெளியே தள்ளின, உள்ளே அனுப்ப நாதியில்லை. காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஃபேனின் ஓரத்தில் அம்புக்குறியே போட்டிருக்கிறது. காட்டினேன்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடறது பாப்பா" என்றார்.

அவர் ஊருக்குக் கிளம்பியதும் கழற்றிச் சரியாக மாட்டினேன். ஒரு டிஷ்யூ காகிதத்தை முன்னால் பிடித்தேன். சட்டென்று வலையில் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற அக்கா கைதட்டினாள். அவரோடு சண்டை போட்டுக்கொண்டு அக்கா ஊருக்குப் போகாமல் எங்களோடு தங்கிவிட்ட சமயம் அது.

அவளைக் கூட்டிப்போக அத்தான் மறுபடி வந்தது, என் தேர்வு ஆட்டத்தன்று. சம்பளம் கொடுத்து கம்ப்யூட்டர் கேம் ஆடவைக்கும் ஓர் அணியில் ஒரே ஓர் இடம் காலி. கடைசிவரை வந்தது நானும் இன்னொருத்தியும். அவரவர் வீட்டிலிருந்து, சொந்தக் கம்ப்யூட்டரில் ஆட வேண்டும். நடுவில் நின்றுபோனால் இடம் அடுத்தவளுக்கு. இந்த வீட்டை விட்டு என் காலில் போக எனக்கு வாய்த்த ஒரே வழி அதுதான்.

சமாதானப் பேச்செல்லாம் சுமுகமாக முடிந்து, அக்காவின் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்ட அத்தான் போகிற போக்கில் என் அறையை எட்டிப் பார்த்தார்.

"இதை யாரு திருப்பினது?"

"நான்தான் அத்தான். ரொம்பச் சூடாச்சு."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. கூடத்துக்கு வந்து பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். "என் கைவேலைக்கு இங்க இவ்வளவுதான் மரியாதைன்னா, இவ இங்கயே இருக்கட்டும் அத்தை."

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னை அறைக்குள் இழுத்துப் போனாள்.

"பழையபடி மாட்டுடி."

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஆட்டம்மா. அப்படி மாட்டினா பாதியில நின்னுடும்."

"நின்னா நிக்கட்டும். உங்க அக்கா இங்கயே நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அக்காவைப் பார்த்தேன். கைதட்டியவள் ஆயிற்றே, ஒரு வார்த்தை சொல்வாள் என்று நம்பினேன். அவள் மேஜையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கையில் திணித்தாள். பிறகு கூடத்தில் இருந்த தன் பெட்டியையே பார்த்தாள். எனக்கு இரக்கமே வரவில்லை.

நான் திருகத் திருக, அத்தான் செல்போன் டார்ச் அடித்து உதவினார். "நல்லா டைட் பண்ணு." பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாவது சமாளிக்கலாம் என்று கை வைத்தேன். "மூடு பாப்பா, உள்ள தூசி போயிடும்" என்றார்.

முதல் இரண்டு சுற்றும் என்னுடையவை. அவளை ஓட ஓட விரட்டினேன். மூன்றாவதில் படம் திக்கித் திக்கி வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கை வைத்தேன், சுட்டது. அவள் எனக்கு நேரே வந்து நின்றபோது திரை அணைந்தது. மறுபடி உயிர் வந்தபோது ஒற்றை வரிச் செய்தி காத்திருந்தது. இடம் நிரம்பிவிட்டது, கலந்துகொண்டதற்கு நன்றி.

வாய்விட்டு அழுதேன்.

அத்தான் எழுந்து வந்து என் தலையைத் தடவினார். கோபமெல்லாம் போய் முகம் தெளிந்திருந்தது. "இதுக்கெல்லாமா அழுவாங்க? நீ மாட்டியிருந்ததுதான் கரெக்ட். எனக்குத் தெரியாதா என்ன? நீ அம்புக்குறி காட்டின அன்னிக்கே கடையில விசாரிச்சுட்டேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டுட்டுத் திருப்பியிருந்தா, நானா வேணாம்னு சொல்லப்போறேன்?"

அம்மா நெகிழ்ந்துபோனாள். "பாத்தியாடி, மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு!" அக்கா அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, சிரித்தாள்.

அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "இப்ப வேணும்னா திருப்பிப் போட்டுக்கோ பாப்பா."

"சரிங்கத்தான்னு சொல்லேன்டி" என்றாள் அம்மா.

சொன்னேன்.