பழுப்புக் கோட்டு

அவள் தலையணையை முகத்தோடு அழுத்தி மோந்து பார்த்தாள். எலுமிச்சை. போர்வையும் எலுமிச்சை. அலமாரியில் இஸ்திரி மடிப்போடு அடுக்கியிருந்த ஏழு சட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாயிற்று, ஏழும் எலுமிச்சை.

"ஒரு கறை இருக்காது அண்ணி," என்றான் வாசலில் நின்ற கத்திரி. "நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் எல்லாத்தையும் மிஷின்ல போட்டுட்டேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை."

கத்திரி சலூனில் முடி வெட்டுகிறவன். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவரோடு ஆறு வருடமாக இந்த அறையில் இருந்தவன். இவனுக்கு அவர் லிஃப்ட்டண்ணன், அவருக்கு இவன் கத்திரி.

அவள் அவரை நேரில் பார்த்து மூன்று வருடமாகிறது. வீடியோவில் முகம் வந்தது, குரல் வந்தது, வாசம் மட்டும் வரவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போகும் வழியில் மாரடைப்பில் விழுந்தார் என்று சொன்னார்கள். நேற்று விமானத்திலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். குளிர்பெட்டியில் இருந்தவர் மேல் மருந்து நெடிதான் அடித்தது. நாளை இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள், இவள் மேலே, அவர் கீழே. கிரீஸும் சிகரெட்டும் வியர்வையும் கலந்த அந்த வாசம் ஒரே ஒரு தடவை கிடைத்தால் போதும் என்று ஏங்கிக்கொண்டு வந்தாள். இந்தப் புண்ணியவான் பாசத்தில் அதைத் தண்ணீரில் கரைத்துவிட்டு நிற்கிறான்.

"அவரோட பழுப்புக் கோட்டு எங்க தம்பி?"

கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோட்டா?"

"வாங்கின அன்னைக்கு வீடியோவுல முன்னாடியும் பின்னாடியும் திரும்பித் திரும்பிக் காட்டினாரே. ஆஸ்பத்திரியில உங்ககிட்ட குடுத்த துணிப் பையிலயும் இல்ல. இந்தக் குளிர்ல கோட்டு போடாமலா கடைக்குப் போனார்?"

கத்திரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கடைக்குப் போகல அண்ணி. டான்ஸ் கிளப்புல விழுந்தார். கோட்டை வாசல்லயே வாங்கி வச்சுட்டு டோக்கன் குடுப்பாங்க. டோக்கன் அன்னைக்குப் போட்டிருந்த சட்டைப் பையில இருந்திருக்கு. ஆஸ்பத்திரியில குடுத்த அந்தச் சட்டையையும் பார்க்காம சேர்த்துத் துவைச்சுட்டேன், மாவாயிடுச்சு."

"டான்ஸா? அவரா?"

தம்பி கல்யாணத்தில் எல்லோரும் ஆட இழுத்தபோது ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவிய மனிதர்! சனிக்கிழமை மட்டும் எட்டு மணிக்கே தூங்கிவிடுவேன் என்பார். பாவம், வாரம் பூராவும் உழைத்த உடம்பு என்று இவளும் கூப்பிட மாட்டாள்.

"முதல் வருஷம் சனிக்கிழமை ஆனா சுவத்தைப் பார்த்து உட்கார்ந்துடுவார். சோறு இறங்காது. நான்தான் வம்பு பண்ணி இழுத்துட்டுப் போனேன். அப்புறம் அவர் என்னை இழுக்க ஆரம்பிச்சுட்டார்."

"யாரோட ஆடுவார்?"

"தனியாத்தான். அதை ஆட்டம்னும் சொல்ல முடியாது அண்ணி. மாட்டிக்கிட்ட லிஃப்ட் கதவை ரெண்டு கையால பிரிக்கிற மாதிரியே இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே கோபம். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"'அவ அங்க தனியாக் கிடக்கறா, நான் இங்க ஆடறேன்னு எந்த வாயால சொல்றது'ம்பார்."

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். "வாங்க, போகலாம்."

மதியம் மூன்று மணிக்கு அந்த இடம் சாத்திய பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. மேசைகள் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோட்டு வாங்கி வைக்கும் ஆளிடம் கத்திரி தனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் என்னென்னவோ சொன்னான். அவன் டோக்கன் கேட்டுக் கையை நீட்டினான். கத்திரி யோசித்துவிட்டு, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே சேர்த்து, மெல்ல ஒரு கதவைப் பிரித்தான்.

அந்த ஆளின் முகம் மாறியது. உள்ளே போனவன் கோட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

"குடுங்க அண்ணி, ஒரே புகை நெடி. வழியில சலவைக்குப் போட்டுட்டு..."

"தொடாதீங்க!"

கத்திரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவள் கோட்டின் காலரில் முகத்தைப் புதைத்தாள். அதே கிரீஸ், அதே சிகரெட், அதே மனுஷன். அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

அழுது ஓய்ந்து, கோட்டைப் போட்டுக்கொண்டாள். விரல் நுனிகள் கோட்டின் கைக்குள்ளேயே தங்கிவிட்டன.

"எங்க நின்னு ஆடுவார்?"

கத்திரி தூண் ஓரத்தைக் காட்டினான். அவள் நடந்து போய் அங்கே நின்றாள்.

துடைத்துக்கொண்டே வந்த பெண் அவள் காலடி வரை வந்து நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தை மட்டும் ஈரமாக்காமல் விட்டு, சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.