மஹ்ரா இல்லாத காலை

...ஹஸ் என்றுதானே சொன்னான், நான் சரியாகத்தான் கேட்டேனா, சரியாகத்தான் கேட்டேன், காது இன்னும் அவ்வளவு கெட்டுப்போகவில்லை, "வாங்க பட் ஹஸ், இன்னைக்கு மசூதியில கூட்டமா" என்று கேட்டான் சுபான், தந்தூர் அடுப்புக்குள் கம்பியை விட்டு ரொட்டியை எடுத்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல், கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. தாரக் நாத் பட்டைப் பார்த்து. மசூதியில் கூட்டமா என்று. எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து ரொட்டி சுட்டுத் தருகிறவன். முசல்மானை மரியாதையாகக் கூப்பிட்டால் ஹஸ், எங்களை மாதிரி காஷ்மீரி இந்துவை, பண்டிதனைக் கூப்பிட்டால் மஹ்ரா, இது எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும், மற்றபடி ஒரே மொழி, ஒரே உப்புத் தேநீர், ஒரே மாதிரி ஃபெரன் அங்கிக்குள் ஒரே மாதிரி கணப்புச் சட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், பட் என்கிற குலப்பெயர்கூட அவர்களிலும் உண்டு எங்களிலும் உண்டு, எதிரே நிற்பவன் யார் என்பது பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்கிற அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது, அதைத் தப்பாகப் போடுகிறவன் வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லை குடித்திருக்க வேண்டும். சுபான் இரண்டும் இல்லை. நேற்று வரைக்கும் "பட் மஹ்ரா, ரெண்டு பேருக்கு இத்தனை ரொட்டியா, வீட்டுல பூதம் வளர்க்கிறீங்களா" என்று கேட்ட அதே வாய்.

சரி, ஏன் சொன்னான் என்று தெரியாதா எனக்கு, தெரியும், தெரிந்ததால்தான் வயிறு எரிகிறது. அந்த இரண்டு பையன்கள். சுவரோரம் நின்றார்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, ஒவ்வொருவனுக்கும் ஒரு கை வெளியே, ஒரு கை ஃபெரனுக்குள். முன்பெல்லாம் கை உள்ளே இருந்தால் குளிர் என்று அர்த்தம். போன வாரம் பக்கத்து ஊரில் விதைக்கடை ஹிருதய நாத்திடம் பெயர் கேட்டவனுக்கும் கை உள்ளேதான் இருந்ததாம். பெயரைக் கேட்டிருக்கிறான், இவனும் மடையன், வெண்டை விதை வாங்க வந்தவனிடம் சொல்வதுபோல அப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான், ஒரே குண்டு, தராசுத் தட்டோடு சாய்ந்துவிட்டான். ஆக சுபான் என்னை ஒளித்து வைத்தான். ரொட்டியைத் துணியில் சுற்றுகிற மாதிரி என்னை ஹஸ்ஸில் சுற்றி வைத்தான். நான் கேட்டேனா? என்னை ஒளித்து வை என்று நான் யாரிடமாவது கேட்டேனா? எங்கள் தெருப் பண்டிதர்கள் எல்லாரும் உயிருக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன அந்தக் குளிர்காலத்தில்கூட நான் ஒளியவில்லை, காலையில் எழுந்து கடைக்கு வந்து ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன், அடுப்பு வெளிச்சத்தில் எல்லார் முகமும் சுண்டிப் போயிருந்தது, அன்றைக்கும் இவன் மஹ்ரா என்றுதான் சொன்னான், குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னான். இப்போது மட்டும் என்ன வந்தது? அப்படியானால் அன்றைக்கைவிட இன்றைக்கு மோசம் என்கிறானா, அதை என்னிடம் நேரே சொல்ல வேண்டியதுதானே, ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டுதான் சொல்ல வேண்டுமா. அதைவிட அசிங்கம், நான் பதில் சொன்னது. "ஆமா ஹஸ், கொஞ்சம் கூட்டம்தான்." யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் சொன்னது, நாலு வேலி தாண்டிய ஆடு மாதிரி வழி தெரிந்து போயிற்று. வரிசையில் எனக்குப் பின்னால் ஹபீபுல்லா மாஸ்டர் நின்றிருந்தார், என் மகள் வீனுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர், அவர் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். பையன்கள் லவாசா ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள், கல்யாண வீட்டுக்கு வந்தவர்களாகவும் இருக்கலாம், யார் கண்டது, இப்போது யாரைப் பார்த்தாலும் யார் கண்டது என்றுதான் தோன்றுகிறது, இப்படி ஆக்கிவிட்டார்களே என்னை, அதற்காகவே ஆத்திரம் வருகிறது.

பனி உருகித் தெருவெல்லாம் சகதி, ரொட்டி மூட்டை வயிற்றோரம் சுடுகிறது, மாஸ்டர் பின்னால் வருகிறார், செருப்புச் சத்தம் கேட்கிறது, திரும்பிப் பார்க்க மாட்டேன். இன்றைக்கு வீனுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜம்முவிலிருந்து வண்டி அனுப்புகிறேன், ஏறி உட்காருங்கள் போதும் என்கிறாள், என் பெண்டாட்டி துலாரி மூட்டை கட்டி வைத்துவிட்டாள், வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் கண்ணாடி அலமாரியில் இருந்த சீனாக் கிண்ணங்களைக் காணோம், நான் என்ன குருடனா. "நீங்க இல்லாம நான் போக மாட்டேன், ஆனா என்னை இங்கேயே சாகச் சொல்லாதீங்க" என்றாள் நேற்று, இரண்டு பக்கமும் கத்தி வைத்த மாதிரி ஒரு பேச்சு. மச்சான் ஒருவன் ஜம்முவில் இருக்கிறான், டிவி பார்த்துப் பார்த்து அவனுக்குக் காஷ்மீர் எல்லாம் அத்துப்படி, "அவனுங்களோட எப்படி இன்னும் பல்லிளிச்சிட்டு இருக்கீங்க" என்கிறான், அவனுக்கு என்ன சொன்னேன்? அங்கே உன்னை யார் மஹ்ரா என்கிறான், நம் ஆட்கள் நமக்குள்ளே சொல்லிக்கொள்வது ஒரு மரியாதையா, தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது அது, ஒரு முசல்மான் வாயிலிருந்து வர வேண்டும், அப்போதுதான் அதற்கு ருசி, அந்தச் சொல் இருக்கிறவரைக்கும் இது என் ஊர் என்றேன். சிரித்தான், சொல்லுக்காகச் சாகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். சிரிக்கட்டும். சின்ன வயதில் பருப்புத் தின்னி என்று சுபான் என்னைக் கேலி செய்வான், நாங்கள் அவன் வீட்டைவிட அதிகமாக ஆட்டுக்கறி தின்கிறவர்கள் என்று தெரிந்தும் சொல்வான், நான் கல்லெடுத்து அடிப்பேன், அந்தக் கேலிக்கும் இந்த மஹ்ராவுக்கும் வேர் ஒன்றுதான், நீ வேறு, ஆனால் நீ இங்கேதான் என்பது. ஹேரத், அதாவது எங்கள் சிவராத்திரி, பூஜை முடிந்த மறுநாள் எங்களுக்கு சலாம், முசல்மான்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து வாழ்த்துச் சொல்லி ஊறவைத்த அக்ரூட் கொட்டை வாங்கிப் போவார்கள், அந்த நாளின் பெயரே சலாம், இந்த வருடம் சுபான் கொல்லைப்புறமாக வந்தான். துலாரியிடம் வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கொல்லைப்புறமாகவே போனான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கொட்டையைத் திருடன் மாதிரி எடுத்துப் போகிறவனிடம் மறுபடி மஹ்ராவை எதிர்பார்த்து வரிசையில் நின்றேனே... யார் மேல் கோபப்படுவது, துப்பாக்கிக்காரப் பயல்கள் மேலா, எங்கள் பிணத்தை வைத்து ஓட்டு எண்ணுகிறவர்கள் மேலா, ஓடிப் போனவர்கள் மேலா, ஓடாமல் நின்ற என் மேலா, கையில் கிடைத்தவன் ரொட்டி சுடுகிறவன், அவன் மேல்தான் வருகிறது.

பாலம் வந்துவிட்டது. மணல் மூட்டை, கம்பி வேலி, புதுச் சிப்பாய், பழையவன் என்றால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவான், இவன் நேற்றுதான் வந்திருப்பான் போல, மூக்கு சிவந்து கிடக்கிறது. "யோவ் பெருசு, கையை வெளியே எடு" என்றான் இந்தியில். எடுத்தேன். ரொட்டி மூட்டையைத் துப்பாக்கி முனையால் தட்டினான், "என்ன இது", ரொட்டி, வேறென்ன, ரொட்டி. "ஃபெரனைத் தூக்கு." இந்தக் குளிரில். இவனுக்கும் நான் ஹஸ்தான், தாடியும் ஃபெரனும் போதும் இவனுக்கு, காலையிலிருந்து ஆளாளுக்கு என்னை மதம் மாற்றுகிறார்கள், ஒருவன் காப்பாற்ற, ஒருவன் சோதிக்க, என்ன ஊர் இது, என்ன பிழைப்பு இது. "பேர் என்ன?" தாரக் நாத் பட் என்றேன். அக்கரைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன், அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன், கடையில் முழுங்கிய அத்தனையும் வாந்தி மாதிரி வெளியே வந்தது. சிப்பாயின் முகம் மாறியது. "பண்டிட்ஜியா, முதல்லயே சொல்லக் கூடாதா, போங்க போங்க, தப்பா எடுத்துக்காதீங்க." தடுப்புக் கம்பு மேலே போயிற்று. எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்து அதே வாயால், "நீ நில்லு. தூக்கு அதை" என்றான். ஹபீபுல்லா மாஸ்டர் ஃபெரனைத் தூக்கினார். உள்ளே கிழிந்த கம்பளிச் சட்டை, பொத்தான் போன இடத்தில் ஊக்கு, வாத்தியாராக இருந்த காலத்தில் அவர் முன்னால் யாரும் பீடி பிடிக்க மாட்டார்கள், கணப்புச் சட்டியைக் கீழே வைக்கச் சொல்லிக் காலால் கிளறினான் சிப்பாய், தணல் சகதியில் விழுந்து உஸ் என்றது. நான் கம்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் வாயில் பெயர் இன்னும் சூடாக இருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், இரண்டு கையும் மேலே.

"போங்க மஹ்ரா. ரொட்டி ஆறிடும்."

அவ்வளவுதான் சொன்னார். மஹ்ரா என்று. காலையிலிருந்து எந்தச் சொல்லுக்காகக் குமைந்தேனோ அந்தச் சொல், ஒரு முசல்மான் வாயிலிருந்து, தெருவில், பகலில், சிப்பாய்க்கும் கேட்க. அது மரியாதையா? குத்தலா? நீ உன் ஆள் பக்கம் போ என்கிறாரா, இல்லை, உண்மையாகவே ரொட்டி ஆறிவிடும் என்றுதான் சொன்னாரா, அவர் எப்போதும் அப்படித்தான், மாணவர்கள் பசியோடு உட்காருவது அவருக்குப் பொறுக்காது... திரும்பிக் கேட்கலாம் என்று பார்த்தால் கால் முன்னால் போகிறது. போகிறது, நான் நிறுத்தவில்லை. சுபான் பொய் சொன்னான், அந்தப் பையன்கள் வேறு மாதிரி ஆட்களாக இருந்து நாளைக்கு அவர்களுக்கு விஷயம் தெரிந்தால் அடுப்பிலேயே வைத்து அவனை முடித்துவிடுவார்கள், தெரிந்துதான் சொன்னான். நான் உண்மையைச் சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் எங்கள் மாஸ்டர், விடப்பா என்று இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல எனக்கு என்ன கேடு, யார் என் வாயைப் பிடித்தார்கள்?

வீடு வந்துவிட்டது, துலாரி மாடி ஜன்னலைத் திறந்துவிட்டாள், போன் கையில், "வீனு லைன்ல இருக்கா, வண்டி அனுப்பவா வேண்டாமான்னு கேக்குறா, என்ன சொல்லட்டும்?" என்கிறாள். நான் பாலத்தைப் பார்க்கிறேன். மாஸ்டர் குனிந்து சகதியில் தணலைத் தேடிக்கொண்டிருக்கிறார். ரொட்டி இன்னும் ஆறவில்லை, வயிற்றில் சுடுகிறது.